வெனிஸில் இரண்டே நாள்: டோர்சோடூரோவுக்கு ஒரு நாளை ஒதுக்கலாமா?

கேள்வி: 2024 அக்டோபர் 6, ஞாயிறு

நவம்பர் 20, 21 ஆகிய இரண்டு நாள்களும் அம்மாவுடன் வெனிஸில் இருப்போம். ஒரு நாளைச் சான் மார்க்கோ சதுக்கத்துக்கு ஒதுக்கிவிட்டோம். மற்றொரு நாளில் முரானோ, புரானோ தீவுகளுக்குச் செல்வதா, பெருங்கால்வாயின் தென்கரையில் உள்ள டோர்சோடூரோ பகுதியைச் சுற்றிப் பார்ப்பதா என்பதில் வீட்டில் இன்னும் முடிவு எட்டவில்லை. அங்கே சென்று வந்த உறவினர் ஒருவர், அது ஓவியம் படித்தவர்களுக்கான இடம் என்றும் மற்றவர்களுக்கு அருங்காட்சியகத்துக்கு மேல் அருங்காட்சியகமாகச் சலிப்புத் தட்டும் என்றும் சொல்கிறார். அது சரியா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 6, இரவு

டோர்சோடூரோவுக்கே செல்லுங்கள். உங்கள் உறவினரின் கருத்தை நான் ஏற்கவில்லை. நான் ஓவியம் படித்தவன் அல்லன். நீர்வளத் துறைப் பொறியாளன். 2019 செப்டம்பர் முதல் நவம்பர் வரை பணி நிமித்தம் பதுவாவில் தங்கியிருந்தேன். பதுவை அந்தோணியார் என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்தப் பதுவைதான். அங்கிருந்து வெனிஸுக்கு ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம் என்பதால் சனிக்கிழமைதோறும் போய்வந்தேன். முதல் இரண்டு வாரங்கள் சான் மார்க்கோவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வாரம் அக்காதேமியா மரப்பாலத்தைக் கடந்து மறுகரையில் இறங்கினேன். அதன்பின் மீதமிருந்த சனிக்கிழமைகள் எல்லாம் அந்தக் கரையிலேயே கழிந்தன.

வெனிஸ் ஆறு பகுதிகளாகப் பிரிந்த நகரம். அவற்றுள் தெற்கே இருப்பது டோர்சோடூரோ. அந்தப் பெயருக்குக் 'கெட்டியான முதுகு' என்று பொருள். சேற்றுத் திட்டுகளின் மேல் எழுந்த நகரத்தில் இங்கே மட்டும் மண் சற்று உறுதியாக இருந்ததால் அந்தப் பெயர் வந்தது.

ஆலோசனை கேட்டீர்கள் என்றால், அருங்காட்சியகங்களை விட்டுவிட்டுத் தேவாலயங்களுக்குச் செல்லுங்கள் என்பேன். எந்தச் சுவருக்காக, எந்த விதானத்துக்காக ஓர் ஓவியம் தீட்டப்பட்டதோ, அங்கேயே அது இன்றும் இருப்பதைக் காண்பது வேறு. வேறெங்கோ கழற்றி வந்து சட்டமிட்டு மாட்டியதைக் காண்பது வேறு.

அக்டோபர் 7, திங்கள்

மேலே சொன்னதற்கு ஓர் எடுத்துக்காட்டு தராமல் விட்டது தவறு. டோர்சோடூரோவின் மேற்குக் கோடியில் சான் செபாஸ்தியானோ என்னும் தேவாலயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தனித்துச் சொல்ல ஒன்றும் இல்லாத வெள்ளை முகப்பு. எதிரே ஒரு சிறு கால்வாய். அதன் மேல் ஒரு பாலம். நான் முதல்முறை அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

வெரோனாவிலிருந்து வந்த ஓவியர் பவுலோ வெரோனேசே 1555இல் இங்கே வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. முதலில் திருவுடை அறையின் விதானம், அடுத்து மையக்கூடத்தின் விதானம், பிறகு சுவரோவியங்கள், ஆர்கன் இசைக்கருவியின் கதவுகள், பீட ஓவியம் என்று ஏறக்குறைய 15 ஆண்டுகள் அவ்வப்போது இங்கே வேலை செய்திருக்கிறார். 1588இல் இறந்தபோது அவரை இதே தேவாலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். ஒருவர் இளைஞராக வந்து தீட்டத் தொடங்கி, அதே கூரையின் கீழ் ஓய்வு கொண்டுவிட்ட இடம் அது. அங்கே நின்றபோது ஓவியங்களை விடவும் இந்தச் செய்திதான் முதலில் என்னைத் தொட்டது.

மையக்கூட விதானத்தில் விவிலியத்தில் வரும் எஸ்தர் அரசியின் கதை மூன்று பெரிய ஓவியங்களாக உள்ளது. அவற்றுள் எஸ்தரை வளர்த்த மொர்தெக்காயின் வெற்றி ஊர்வலத்தை மட்டும் நன்றாகப் பாருங்கள். குதிரைகள் நம் தலைக்கு மேல் விளிம்பைத் தாண்டி வந்துவிடும் போலத் தோன்றும்படி, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனின் கண்ணைக் கணக்கிட்டு அவர் தீட்டியிருக்கிறார். அச்சுப் புத்தகத்தில் இதே ஓவியத்தைப் பார்த்தபோது குதிரைகள் ஏன் இவ்வளவு கோணலாக இருக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. விதானத்தின் கீழ் நின்ற கணத்தில் விளங்கிவிட்டது.

அக்டோபர் 7, மாலை

நாள், கிழமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நவம்பர் 20 புதன்கிழமை. அக்காதேமியா ஓவியக்கூடம் திங்களன்று பிற்பகல் 2 மணிக்கே மூடிவிடும். பெகி குகன்ஹைம் காட்சியகத்துக்கும் கா ரெட்சோனிக்கோ அருங்காட்சியகத்துக்கும் செவ்வாய் விடுமுறை. ஆகவே புதன் உங்களுக்குப் பொருத்தமான நாள். பகல்நேரப் பயணிகளிடம் 2024இல் வாங்கிய 5 யூரோ நுழைவுக் கட்டணம் ஏப்ரல் முதல் ஜூலை வரை குறிப்பிட்ட 29 நாள்களுக்கு மட்டுமே, நவம்பரில் இல்லை.

அக்டோபர் 9, புதன்

'அருங்காட்சியகங்களை விட்டுவிடுங்கள்' என்று முதல் குறிப்பில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டு நாளாக அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அக்காதேமியா என்பது ஓவியங்களைச் சேர்த்துவைக்கக் கட்டிய மாளிகை அன்று. கரித்தா என்னும் பெயர் கொண்ட பழைய அறச்சங்கத்தின் மண்டபம், அதை ஒட்டிய தேவாலயம், பல்லாடியோ வடிவமைத்த மடம் ஆகிய மூன்றும் நெப்போலியன் காலத்தில் கையகப்படுத்தப்பட்டு, 1807இல் ஓவியக் கல்விக்கழகத்துக்கு வழங்கப்பட்டன. அந்தச் சங்கத்தினர் கூடிய அறையில் வெனிஸ் ஓவியர் டிஷியன் 1534 முதல் 1538 வரை தீட்டிய 'ஆலயத்தில் மரியாளின் அர்ப்பணம்' அதே சுவரில் இன்றும் இருக்கிறது. அறையின் அகலம் முழுவதையும் நிரப்பும் ஓவியம் அது. நீண்ட கல் படிக்கட்டில் நீல உடை அணிந்த ஒரு சிறுமி, கையைப் பிடிக்க யாரும் இல்லாமல், தனியாக ஏறிப் போகிறாள். படிக்கட்டின் கீழே முட்டை விற்கும் கிழவி ஒருத்தி கூடையோடு அமர்ந்திருக்கிறாள். பிற்காலத்தில் கதவு ஒன்று வைப்பதற்காக ஓவியத்தின் அடியில் ஒரு பகுதியை வெட்டியே எடுத்திருக்கிறார்கள். அந்த வெட்டைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் ஓவியமும் சுவரும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்கின்றன என்பதற்கு அதை விடச் சான்று வேண்டியதில்லை.

ஆக, தேவாலயம் என்றால் உரிய இடம், அருங்காட்சியகம் என்றால் அயல் இடம் என்று நான் போட்ட கோடு சரியாக இல்லை. அக்காதேமியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மா அமர்ந்து பார்க்க அங்கே இருக்கைகளும் உண்டு.

அக்டோபர் 10, வியாழன்

உரிய இடத்தில் இல்லாத ஓவியத்துக்கும் அக்காதேமியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வெரோனேசேயின் 'லேவியின் வீட்டு விருந்து' ஏறக்குறைய 13 மீட்டர் அகலம் கொண்டது. அது தொமினிக்கன் துறவிகளின் உணவறைக்காக 1573இல் இராவுணவுக் காட்சியாகத் தீட்டப்பட்டது. இயேசுவின் கடைசி விருந்தில் கோமாளியும் நாயும் குள்ளர்களும் ஆயுதம் தாங்கிய ஜெர்மானியரும் என்ன செய்கிறார்கள் என்று மத விசாரணை மன்றம் அவரை அழைத்துக் கேட்டது. கவிஞர்களும் பித்தர்களும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஓவியர்களும் எடுத்துக்கொள்கிறோம் என்ற பொருளில் அவர் பதில் சொன்னது அந்த விசாரணைப் பதிவில் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் தம் செலவில் திருத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. அவர் தலைப்பை மாற்றினார், இன்னொரு விருந்தாக்கிவிட்டார், கோமாளியும் நாயும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

முழங்கால் வலி பற்றி எழுதுகிறேன்; இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வெனிஸில் தூரம் சிரமம் தருவதில்லை. பாலங்கள்தாம் சிரமம் தருகின்றன. ஒவ்வொரு பாலமும் ஏறி இறங்கும் படிக்கட்டு. அக்காதேமியா பாலத்தில் படிகள் அதிகம். அதை அம்மா ஏற வேண்டிய தேவை இல்லை. வாப்பொரெத்தோ என்னும் நீர்ப்பேருந்தின் 1ஆம் எண் படகு பெருங்கால்வாய் வழியாக வந்து கா ரெட்சோனிக்கோ, அக்காதேமியா, சலூத்தே ஆகிய மூன்று துறைகளிலும் நிற்கிறது. மூன்றுமே டோர்சோடூரோ கரையில் இருப்பவை. பாலம் ஏறாமல் அக்காதேமியாவின் வாசலில் இறங்கலாம்.

மாலையில் சாட்டெரேக் கரைக்குச் செல்லுங்கள். தெற்கு நோக்கிய நீண்ட நடைபாதை அது. நவம்பரிலும் வெயில் விழும். ஆல்ப்ஸ் மலைக் காடுகளிலிருந்து தெப்பங்களாகக் கட்டி மிதக்கவிட்ட மரங்களை இறக்கிய துறை என்பதால் அந்தப் பெயர். அக்டோபர் இறுதியில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்துக்காக அந்தக் கரையின் பாலங்களில் மரச் சாய்தளங்களை அமைப்பார்கள். ஓட்டம் முடிந்த பிறகும் சில காலம் அவற்றை அப்படியே விட்டுவைப்பது வழக்கம். 2019 நவம்பரில் முதியவர்கள் பலர் அவற்றின் வழியாக நிம்மதியாக நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 13, சற்று நேரம் கழித்து

நீங்கள் எழுதிய தேதியை இப்போதுதான் கவனித்தேன். நவம்பர் 21! அன்று சலூத்தே திருவிழா.

சாந்தா மரியா டெல்லா சலூத்தே என்ற பெயரைத் தமிழில் அப்படியே சொன்னால் ஆரோக்கிய மாதா. வேளாங்கண்ணிக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை. மாதாவை ஆரோக்கியத்தின் பெயரால் அழைத்து நேர்ந்துகொள்ளும் வழக்கம் மட்டுமே பொது. 1630ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் நகர மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் இறந்துகொண்டிருந்தபோது, நோய் நீங்கினால் கோயில் எழுப்புவதாக வெனிஸ் ஆட்சிமன்றம் நேர்ந்துகொண்டது. பல்தசாரே லொங்கேனாவின் வரைபடம் தேர்வு பெற்று 1631இல் வேலை தொடங்கியது. தேவாலயம் நேர்ந்தளிக்கப்பட்டது 1687இல். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே லொங்கேனா இறந்துவிட்டார். கட்டடம் நிற்பது சேற்றில் அறைந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்களின் மேல் என்பது மரபாகச் சொல்லும் கணக்கு. மரம் காற்றுப் படாமல் சேற்றுக்குள் கிடப்பதால் எளிதில் மக்குவதில்லை என்பதைப் பொறியாளனாகவும் சொல்லலாம்.

அந்த நேர்த்திக்கடனை ஆண்டுதோறும் நவம்பர் 21 அன்று நகரம் இன்றும் நிறைவேற்றுகிறது. பெருங்கால்வாயின் குறுக்கே தற்காலிகப் பாலம் அமைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டியில் கைக்குழந்தைகள், ஊன்றுகோல் பிடித்த பாட்டிமார் என்று எல்லாரும் அதைக் கடந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அன்று வீடுகளில் காஸ்த்ரதீனா என்ற குழம்பு வைப்பார்கள்: உப்பிட்டுப் புகையூட்டிய ஆட்டிறைச்சியும் முட்டைக்கோசும் சேர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் அட்ரியாடிக் கடலின் மறுபக்கத்துத் தல்மேசியக் கரையினர் அனுப்பிய இறைச்சியின் நினைவாக அந்த உணவு நிலைத்திருக்கிறது. சுற்றுலாவுக்காக நடத்தும் விழா அன்று இது. ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்துவது. உங்கள் அம்மாவுக்கு இந்த நாள் வாய்த்திருப்பது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

சலூத்தே பற்றி எழுதிய பிறகு என் பழைய கருத்தை மறுபடியும் திருத்த வேண்டியிருக்கிறது.

அந்தத் தேவாலயத்தின் திருவுடை அறையில் டிஷியன் தீட்டிய மூன்று விதான ஓவியங்கள் உள்ளன: காயின் ஆபேலைக் கொல்வது, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முனைவது, தாவீது கோலியாத்தை வீழ்த்தி நிற்பது. அவற்றை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுண்டு. இவை இந்த விதானத்துக்காகவே பிறந்தவை என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இல்லை. காயலில் உள்ள சாந்தோ ஸ்பிரித்தோ தீவின் தேவாலயத்துக்காகத் தீட்டி, 17ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த துறவற சபை கலைக்கப்பட்டபின் இங்கே கொண்டுவரப்பட்டவை அவை. அதே அறையில் இருக்கும் டிஷியனின் இளமைக்கால ஓவியமான 'அரியணையில் மாற்கு'வும் அங்கிருந்தே வந்தது. ஆக, இடம் பெயர்ந்த ஓவியம் தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் அந்த மாற்கு ஓவியத்தில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். மருத்துவர்களான கோஸ்மாஸ், தமியான். கொள்ளைநோயில் மக்கள் வேண்டிக்கொள்ளும் ரோக்கு, செபஸ்தியார். 1510 காலக் கொள்ளைநோயை ஒட்டி எழுந்த ஓவியம் அது. ஓவியர் ஜோர்ஜோனேவைக் கொன்றதும் அந்த நோயே. ஒரு கொள்ளைநோயில் பிறந்த ஓவியம், இன்னொரு கொள்ளைநோயில் பிறந்த கோயிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இடம் மாறியும் அது வீடு மாறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் டோர்சோடூரோ முழுவதும் ஒரே கதையாக வாசிக்கக் கிடைக்கிறது. வெரோனேசேயின் தேவாலயம் செபஸ்தியாருக்கு எழுப்பியது. அம்பு பாய்ந்தும் பிழைத்த அவரைக் கொள்ளைநோயிலிருந்து காப்பவராக மக்கள் வேண்டினர். சாட்டெரேக் கரையில் நின்றால் எதிரே ஜுதெக்கா தீவில் தெரியும் இரெதந்தோரே தேவாலயம் 1575 முதல் 1577 வரை பரவிய நோய்க்கான நேர்த்திக்கடன், பல்லாடியோ வடிவமைத்தது. அந்த நோய் பரவிய 1576ஆம் ஆண்டில் டிஷியன் இறந்தபோது அவர் கையில் இருந்த கடைசி ஓவியமான 'பியெத்தா' அக்காதேமியாவில் உள்ளது. தமக்கும் தம் மகனுக்கும் பாதுகாப்பு வேண்டும் சிறு நேர்த்திக்கடன் பலகை ஒன்றை அதன் ஓரத்தில் அவர் தீட்டியிருக்கிறார். இருவருமே அந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் இறந்துவிட்டார்கள். 2023இல் நான் மறுபடியும் சென்றபோது அந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றேன். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் நடந்ததை நினைத்தால், அது ஓவியம் படித்தவர்களுக்கு மட்டுமே புரியும் என்று யாரும் சொல்ல முடியாது.

அக்டோபர் 21, திங்கள்

பெகி குகன்ஹைம் காட்சியகம் பற்றிய உங்கள் கேள்விக்கு: ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நான் அதை விட்டுவிடுவேன். நவீன ஓவியத்தில் உங்களுக்கு ஈடுபாடு இருந்தால் மட்டும் செல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில் தொடங்கித் தரைத்தளத்தோடு நின்றுபோன அரண்மனையில் பெகி குகன்ஹைம் என்னும் ஓவியச் சேகரிப்பாளர் 30 ஆண்டுகள் வாழ்ந்து, திரட்டிய ஓவியங்களையும் அங்கேயே விட்டுச்சென்றார். தோட்டத்தில் அவருடைய அஸ்தியும், பக்கத்திலேயே அவருடைய நாய்களின் கல்லறையும் உள்ளன.

அதற்குப் பதிலாக சான் த்ரொவாசோ கால்வாயின் ஓரத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். எதிர்க்கரையில் கொண்டோலா படகுகளைக் கட்டிப் பழுதுபார்க்கும் பட்டறை தெரியும். 17ஆம் நூற்றாண்டிலிருந்து இருப்பது. மலைநாட்டு மரவீடு போல இருக்கும். மரமும் தச்சர்களும் கதோரே மலைப்பகுதியிலிருந்து வந்ததால் அந்தச் சாயல். கவிழ்த்துவைத்த படகின் அடிப்பகுதியைப் பார்த்தால் இடப்பக்கம் வலப்பக்கத்தை விட அகன்றிருப்பது புலப்படும். ஒற்றைத் துடுப்பால் ஒரு பக்கமாக மட்டும் தள்ளும் படகு நேராகச் செல்ல வேண்டுமென்றால் உடல் அப்படிக் கோணியிருக்க வேண்டும். அந்த வளைவைக் கண்ணால் கணித்த தச்சர்களை வணங்கத் தோன்றியது.

அக்டோபர் 27, ஞாயிறு

நேற்று இரவு நினைவுக்கு வந்தது: சான் பந்தலோன் தேவாலயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். முகப்பு பூசாத செங்கல்லாகவே நின்றுவிட்டது. உள்ளே ஃபுமியானி என்பவர் 1680 முதல் 1704 வரை தீட்டிய விதானம். சுவரோவியம் போலத் தோன்றினாலும் அது துணியில் தீட்டி ஒட்டு தெரியாமல் இணைத்தது. உண்மையான சுவர் எங்கே முடிகிறது, தீட்டிய தூண்கள் எங்கே தொடங்குகின்றன என்று கண் தடுமாறும். விளக்குக்குக் காசு போட வேண்டும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அருகே சாந்தா மார்கெரீத்தா திடலில் அம்மா உட்கார்ந்து இளைப்பாறலாம். அங்குள்ள கல் கிணறு ஊற்றுக் கிணறு அன்று. களிமண் பூசிய குழியில் மணலை நிரப்பி, திடலில் விழும் மழைநீரை வடிகட்டிச் சேர்த்த தொட்டி அது. 1884இல் குழாய்நீர் வரும்வரை கடல் சூழ்ந்த நகரம் மழையையே குடித்தது. நம் ஊர்களில் மழைநீர்ச் சேகரிப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கிணறுகள் எனக்கு நினைவுக்கு வரும்.

நவம்பர் 10, ஞாயிறு

வெள்ளம் பற்றி அஞ்ச வேண்டாம். 2019 நவம்பர் 12 இரவு நீர் 187 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1966இன் 194க்கு அடுத்தபடியாகப் பதிவான உயரம். ஒன்பது நாள் கழித்துத் திருவிழாவுக்குச் சென்றேன். சந்துகளில் நனைந்த மெத்தைகளும் புத்தகங்களும் குவிந்திருந்தன. அவற்றைத் தாண்டித்தான் மக்கள் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். என் பக்கத்தில் நின்ற பெரியவரின் காலணி அப்போதும் ஈரமாக இருந்தது. 2020 அக்டோபரிலிருந்து காயலின் வாயில்களில் மோசே தடுப்புக் கதவுகள் இயங்குகின்றன. நீர் 110 சென்டிமீட்டரை எட்டும் என்று கணிக்கும்போது அவற்றை எழுப்புகிறார்கள்.

என் வரிசையை இறுதியாகச் சொல்கிறேன். 20ஆம் தேதி காலை படகில் அக்காதேமியா; மதியம் சான் செபாஸ்தியானோ; மாலை சாட்டெரே. சலூத்தேயின் திருவுடை அறையையும் அன்றே பார்த்துவிடுங்கள்; திருவிழாக் கூட்டத்தில் ஓவியம் பார்ப்பது கடினம். வாசலில் படிகள் உண்டு. நடுவே நின்று நின்று ஏறச் சொல்லுங்கள். 21 காலை மெழுகுவர்த்தி, பிறகு சான் மார்க்கோ. முரானோ அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சான் செபாஸ்தியானோவுக்குப் போக முடியாமல் போனது குறைதான், ஆனால் அம்மா அக்காதேமியாவின் அந்த ஓர் அறையிலேயே முக்கால் மணி நேரம் அமர்ந்திருந்தார் என்றால் நேரம் வீணாகவில்லை. முட்டை விற்கும் கிழவி ஏன் அந்தச் சிறுமியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அறிஞர்கள் அவளுக்குப் பல பொருள் சொல்கிறார்கள். அந்தக் கிழவி வியாபாரத்துக்கு வந்தவள், பொழுது சாய்வதற்குள் கூடை காலியாக வேண்டும் என்ற கவலையில் இருக்கிறாள் என்று நான் நினைக்கிறேன். அம்மா என்ன நினைக்கிறார் என்பதைக் கேட்டு எழுதுங்கள்.